ஊர்ப்பெயர் தாங்கிய குரல்கள்: பெண் இசைக்கலைஞர்களின் வாழ்வில் ரசிகர் ஆதரவும் நிறுவன விளம்பரமும்

1. ஆய்வின் பொருளும் களமும்

ஒரு பெண்ணின் பாட்டு அவர் பிறந்த ஊரின் எல்லையைத் தாண்டிப் பரவுவதற்குத் தமிழகத்தில் கடந்த நூறாண்டுகளில் இரண்டு வழிகள் இருந்துவந்துள்ளன. திருவிழா மேடையிலும் ஒலிபெருக்கியிலும், அண்மைக் காலத்தில் கைபேசியிலும் கேட்டவர்களே அடுத்தவருக்குச் சொல்லி, அடுத்த ஊருக்கு அழைத்து, அவர் பெயரை நிலைநிறுத்துவது ஒரு வழி. பாட்டைப் பதிவுசெய்து விற்கும் நிறுவனம் தன் முதலையும் கடைகளையும் விளம்பரத்தையும் கொண்டு அவரைப் பரப்புவது மற்றொரு வழி. முன்னதை ரசிகர் ஆதரவு என்றும், பின்னதை நிறுவன விளம்பரம் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. இவற்றுள் எது பெண் கலைஞருக்கு நல்லது என்ற கேள்வி பல காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. ஆனால் அக்கேள்வியைப் பெயர், ஊதியம், மதிப்பு என்னும் மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தால்தான் தெளிவான விடை கிடைக்கும்.

இந்த ஆராய்ச்சிக்குப் பொன்னமராவதி ஏற்ற நிலைக்களம். புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்மேற்கில் சிவகங்கை மாவட்டத்தை ஒட்டி அமைந்த இவ்வூரைச் சுற்றி, ஸ்பெஷல் நாடகம் என்னும் கலைவடிவம் இன்றும் கோயில் விழாக்களை நம்பி உயிரோடு இருக்கிறது. இங்கிருந்து எட்டும் தொலைவில் உள்ள காரைக்குடிதான் தென்னிந்திய இசைத்தட்டு வணிகத்திலும் திரைப்படத்திலும் பெரும் நிறுவனங்களைக் கட்டிய ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரின் சொந்த ஊர். மேடையும் நிறுவனமும் இவ்வளவு அருகருகே பிறந்த வட்டாரங்கள் தமிழகத்தில் மிகச் சிலவே.

2. மண்டகப்படி மேடையும் அதன் பொருளாதாரமும்

பொன்னமராவதியை அடுத்த கொன்னையூர் முத்துமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழா இவ்வட்டாரத்தின் பெருவிழாக்களுள் ஒன்று. இத்தகைய விழாக்களில் ஒவ்வொரு நாள் நிகழ்ச்சியையும் ஒரு குடும்பமோ தெருவோ சமூகமோ தன் செலவில் நடத்துவதே மண்டகப்படி எனப்படும். மண்டகப்படிதாரர்களும் ஊர்க் கமிட்டியும் சேர்ந்து நாடகம் வைப்பது இவ்வட்டார ஊர்களில் நெடுநாள் வழக்கம். எந்த நாடகக் குழுவிலும் நிலையாகச் சேராத கலைஞர்களைத் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்து ஓர் இரவுக்கு மட்டும் ஒன்றுசேர்ப்பதால் இது ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் பெற்றது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி முதலிய ஊர்களில் உள்ள நாடக நடிகர் சங்கங்கள் இந்த ஏற்பாட்டுக்கு நடுவாக நிற்கின்றன.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களே இம்மேடையின் அடிப்படை. அவற்றுள் வள்ளி திருமணம் மிகுதியாக ஆடப்படுவது. ஒத்திகையோ இயக்குநரோ இல்லாமல் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நீளும் அந்நாடகத்தில், வள்ளி வேடம் ஏற்கும் ஸ்திரீபார்ட் கலைஞர், சில வேளைகளில் அன்றிரவுதான் முதன்முறையாகச் சந்திக்கும் நாரதரோடு தர்க்கம் செய்தாக வேண்டும். எதிராளி எடுக்கும் கேள்விக்கு அதே இடத்தில் பாட்டாலும் வசனத்தாலும் விடை சொல்லி, ஆர்மோனியக்காரர் பிடிக்கும் சுருதிக்குள் நின்று, தூங்கி விழும் கூட்டத்தை எழுப்பி உட்காரவைக்கும் திறமை அதற்கு வேண்டும். அத்திறமையை மதிப்பிடுபவர்கள் தரையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் ஊர்மக்களே. விடியும்போது கூட்டம் கலையாமல் இருந்தால் அடுத்த ஊர்க் கமிட்டி அவரைத் தேடி வரும். பாதியில் கலைந்தால் எந்த விளம்பரத்தாலும் அவரைக் காப்பாற்ற இயலாது.

இம்மேடைக்கு விளம்பரமாக அமைவது நாடக நோட்டீஸ் மட்டுமே. மெல்லிய வண்ணத்தாளில் மேலே தெய்வத்தின் பெயரும், அடுத்து விழாக்குழுவினர், உபயதாரர் பெயர்களும், நடுவில் தீப்பெட்டிப் படம் அளவே உள்ள கலைஞர்களின் மார்பளவுப் புகைப்படங்களும் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு படத்தின் கீழும் கலைஞரின் ஊர், பெயர், ஏற்கும் பார்ட் ஆகியவை இடம்பெறும். இங்கு ஊர்ப்பெயர் வெறும் முகவரி அன்று. எந்த மண் இவரை வளர்த்தது, எந்த மேடைகள் இவரை ஏற்றுக்கொண்டன என்பதற்கான சான்று. கொடுமுடி, கொல்லங்குடி, பரவை, கிடாக்குழி என ஊரின் பெயரோடு சேர்த்தே மக்கள் தம் பாடகியரை நினைவில் வைத்திருப்பதும் இம்மரபோடு ஒத்ததே.

இந்த ஆதரவின் குறையும் அதன் அமைப்பிலேயே உள்ளது. மாசி முதல் ஆடி வரை தொடர்ந்து கிடைக்கும் மேடை, மழை மாதங்களான ஐப்பசி, கார்த்திகையில் அரிதாகிவிடுகிறது. ஓர் இரவு பாடினால் ஓர் இரவுக்கே ஊதியம். தொண்டை கட்டினாலும் பிள்ளை பெற்றாலும் முதுமை வந்தாலும் வருவாய் நின்றுபோகும். பாடிய பாட்டு காற்றோடு போவதால், மறுபடி ஒலித்து அவருக்குச் சோறு போடும் வழி இல்லை.

3. கூட்டத்தைத் தேடி வந்த இசைத்தட்டு

இசைத்தட்டு நிறுவனங்களே பாடகியரை உருவாக்கின என்ற கருத்து பரவலாக உள்ளது. வரலாறு அதற்கு மாறாக இருக்கிறது. 1902-ஆம் ஆண்டு கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தபோது, அவர் ஏற்கெனவே அரசவைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் புகழ்பெற்றிருந்தவர். தென்னாட்டில் அந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பதிவு செய்யப்பட்ட கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி ஆகியோரும் தாம் பயின்ற மரபாலும் கச்சேரிகளாலும் முன்பே பெயர் பெற்றவர்கள். நிறுவனங்கள் புதுக் குரலைத் தேடி வரவில்லை. ஏற்கெனவே கூட்டம் சேர்த்த குரலைத் தேடி வந்தன.

1920-களின் இறுதியிலும் 1930-களிலும் நாடகப் பாடல்களுக்குத் தமிழகத்தில் ஏற்பட்ட இசைத்தட்டுச் சந்தை இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. நாடகத்துக்கும் இசைத்தட்டுக்கும் தமிழ்த் திரைப்படத்தின் தொடக்கத்துக்கும் இருந்த உறவை ஆராய்ந்த ஸ்டீபன் ஹியூஸ், மேடைப் பாடல்களின் செல்வாக்கே இசைத்தட்டு வணிகத்தைத் தூக்கிவிட்டதை விரிவாகக் காட்டியுள்ளார். காரைக்குடியில் தம் தந்தையின் கடையில் இசைத்தட்டுகளையும் விற்றுத் தொழில் பழகிய மெய்யப்பச் செட்டியார், கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டது இச்சூழலில்தான்.

இக்காலத்தின் பேருருவம் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். வறுமையில் பிறந்து, சிறுமியாகவே மேடை ஏறி, இலங்கை வரை சென்று பாடிய அவருக்குத் திரைப்படத்தின் துணையின்றியே பெருங்கூட்டம் இருந்தது. 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்துக்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கொடுக்கப்பட்டது. அன்றைய இந்தியத் திரையுலகில் அது வியப்புக்குரிய தொகை. அத்தொகையை நிர்ணயித்தது மேடை அவருக்குச் சேர்த்துத் தந்திருந்த மக்கள்திரள். விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடியதும், பின்னர்ச் சட்ட மேலவை உறுப்பினரானதும் அதே திரளின் நம்பிக்கையால் நிகழ்ந்தவை. பேரம் பேசும் வலிமை கலைஞரிடம் இருக்கும்போது நிறுவனம் பணிந்து வரும் என்பதற்குச் சுந்தராம்பாளின் வாழ்வு முதன்மைச் சான்று.

இதற்கு மாறான வகை எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வாழ்வில் காணப்படுகிறது. பத்து வயதளவில் இசைத்தட்டில் பாடிய அவருடைய மேதைமை ஐயத்துக்கு இடமற்றது. எனினும் அவருடைய கச்சேரி, திரைப்படம், பொதுத்தோற்றம் அனைத்தையும் கணவர் சதாசிவம் திட்டமிட்டு நடத்தினார். 1941-இல் சாவித்திரி படத்தில் நாரதராக நடித்துச் சுப்புலட்சுமி ஈட்டிய பணம் கல்கி இதழின் தொடக்கத்துக்கு முதலாயிற்று. நிறுவன விளம்பரம் என்பது தொழிற்சாலையிலிருந்து மட்டும் வருவதன்று. ஒரு குடும்பத்தின், ஓர் இதழின் ஒழுங்கான உழைப்பாகவும் அது அமையக்கூடும். அவ்வுழைப்பு கலைஞரை உலக அரங்குவரை கொண்டு சென்றது. ஆயினும் எதைப் பாடுவது, எங்கே பாடுவது என்ற முடிவுகள் பெரிதும் வேறொருவர் கையில் இருந்தன.

மூன்றாவது வகையும் உண்டு. திருவையாற்றில் தியாகராசர் சமாதியைத் தம் சொந்தப் பணத்தில் சீரமைத்த பெங்களூர் நாகரத்தினம்மாள், ஆராதனையில் பெண்கள் பாட இடம் மறுக்கப்பட்டபோது பெண்களுக்கெனத் தனி ஆராதனையை நடத்தினார். வாசல் அடைக்கப்பட்ட இடத்தில் பெண்கள் தாமே ஒரு மேடையைக் கட்டிக்கொள்ள முடியும் என்பதை அச்செயல் மெய்ப்பித்தது.

4. பெயரற்ற குரல்

நிறுவனம் பெருகியபோது முதலில் பறிபோனது பெயர். தொடக்ககால இசைத்தட்டுகளின் இறுதியில் கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். தட்டு அச்சாகும் வெளிநாட்டுத் தொழிற்சாலையில் பதிவு மாறிப்போகாமலிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆயினும் அது குரலுக்கும் பெயருக்கும் உள்ள பிணைப்பைக் காத்தது. பின்னணிப் பாடல் முறை, அதாவது ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் முறை, வந்ததும் அப்பிணைப்பு அறுந்தது. 1949-இல் வெளிவந்த மகல் என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கான இசைத்தட்டில் பாடகியின் பெயராகக் கதைப்பாத்திரமான காமினியின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. வானொலி நேயர்கள் பாடியவர் யார் என்று கேட்டுக் கடிதங்களைக் குவித்த பின்னரே லதா மங்கேஷ்கரின் பெயர் அறிவிக்கப்பட்டது. நிறுவனம் மறைத்த பெயரைக் கடிதங்களால் மீட்ட அந்நேயர்கள், ரசிகர் ஆதரவின் ஆற்றலுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

தமிழ்த் திரையில் பின்னணிப் பாடகியர் மைக் முன் அசையாமல் நின்று பாடுவதே கண்ணியம் எனக் கருதப்பட்டதையும், சில குரல்கள் நாயகிக்கும் சில குரல்கள் கேளிக்கை நடனத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டதையும் மானிடவியலாளர் அமண்டா வைட்மன் ஆராய்ந்துள்ளார். அப்பிரிவினையில் எல்.ஆர்.ஈஸ்வரிக்கு வந்துசேர்ந்தவை பெரும்பாலும் கேளிக்கைப் பாடல்கள். ஆனால் அவர் பாடிய அம்மன் பாடல்களைக் கிராமங்கள் எடுத்துக்கொண்ட விதம் அவரது இடத்தை முற்றிலும் மாற்றியது. ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் அன்று சவுண்டு சர்வீஸ்காரர் விடியற்காலையில் வேப்பமரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி முதலில் போடும் குரல் ஈஸ்வரியுடையதாயிற்று. பதிவு செய்தது நிறுவனம்தான். எனினும் தலைமுறை தலைமுறையாக அதைத் தெய்வக் காரியத்தின் பகுதியாக்கியவர்கள் ஊர்மக்கள். தமிழ்க் கிராமத்தில் ஒலிநாடா போடுவதே ஒரு வழிபாட்டுச் செயலாக மாறியதை 1999-இல் வெளியான ஆய்வொன்றில் பால் கிரீன் விளக்கியதும் இங்கு நினைக்கத்தக்கது.

5. ஒலிநாடாவிலிருந்து தொலைக்காட்சி வரை

1980-களில் ஒலிநாடா மலிவானபோது, பெரும் இசைத்தட்டு நிறுவனத்தின் நெடுநாள் ஆதிக்கம் தளர்ந்து, சிறிய கேசட் கம்பெனிகள் ஊரூராகத் தோன்றின. நாட்டுப்புறப் பாடகியருக்கு முதன்முறையாகப் பதிவுக்கூடத்தின் கதவு திறந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்துகொண்டே கணவர் நவநீதகிருஷ்ணனுடன் பாடல்களைத் திரட்டி மேடையேற்றிய விஜயலட்சுமி, கல்விநிறுவனத்தின் துணையும் மக்கள் மேடையும் ஒருசேரப் பெற்றவர். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அத்தகைய துணை வாய்க்காதவர்களின் நிலை வேறு. வானொலியில் பாடிப் பெயர்பெற்ற கொல்லங்குடி கருப்பாயி 1985-இல் ஆண்பாவம் படத்தில் பாடி நடித்தார். தமிழகமே அவரை அறிந்தது. கலைமாமணி விருதும் கிடைத்தது. ஆயினும் 2025-இல் மறையும்வரை அவர் கிராமத்துப் பாட்டியாகவே வாழ்ந்தார். 2003-இல் தூள் படத்தால் புகழடைந்த பரவை முனியம்மா, முதுமையில் நோயுற்றபோது அரசின் உதவித்தொகையை எதிர்நோக்க வேண்டியிருந்தது. 2008-இல் சின்னப்பொண்ணு பாடிய நாக்க முக்க பாட்டு மாநில எல்லையைக் கடந்து விளம்பரப் படம் வரை சென்றது. 2021-இல் கர்ணன் படத்தின் முதற்பாடலில் கிடாக்குழி மாரியம்மாளின் குரல் கேட்டோரை உலுக்கியது. இந்நால்வர் வாழ்விலும் ஒரே ஒழுங்கு தென்படுகிறது: பல்லாண்டுகள் மேடை வளர்த்த குரலைத் திரைப்படம் ஒரு பாடலுக்கு அழைக்கிறது; அப்பாடல் பல்லாண்டுகள் ஒலிக்கிறது; அழைத்தவருக்கும் அழைக்கப்பட்டவருக்கும் அதனால் வரும் பயன் ஒத்த அளவினதாக இருப்பதில்லை.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் இவ்வொழுங்கில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தன. புதுக்கோட்டை மாவட்டம் களபத்தைச் சேர்ந்த செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் 2018-இல் சூப்பர் சிங்கர் போட்டியில் நாட்டுப்புறப் பாடல்களையே பாடி முன்னேறினர். செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். தம் ஊர்ப் பிள்ளைகள் என்ற உணர்வோடு மக்கள் அளித்த வாக்குகள், முன்பு நாடகத் திடலில் விடியும்வரை அமர்ந்திருந்த அதே ஆதரவின் புதிய வடிவம். புஷ்பா படத்தின் தமிழ்ப் பாடல் ராஜலட்சுமியின் தனிக்குரலுக்குப் பரந்த வெளியை அளித்தது. இம்முறை ரசிகர் ஆதரவு எண்ணிக்கையாக மாறி நிறுவனத்தின் கையில் சேர்ந்தது. ஆனால் கலைஞர்களின் மேடைக் கட்டணத்தையும் உயர்த்தியது.

6. இணையக் காலம்

இணையம் நிறுவனங்களைத் தேவையற்றவையாக்கிவிடும் என்ற நம்பிக்கை முழுதாக நிறைவேறவில்லை. 2021-இல் பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடிய எஞ்சாயி எஞ்சாமி பல கோடி முறை பார்க்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய மூத்த தலைமுறையின் நினைவை, குறிப்பாக அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை, வேராகக் கொண்ட பாடல் அது. அதன் புகழ் யாருக்கு உரியது என்ற சர்ச்சை விரைவில் எழுந்தது. ஓர் ஆங்கில இசையிதழின் அட்டையில் தீ இடம்பெற்று அறிவு இடம்பெறாதபோது ரசிகர்களே கேள்வி எழுப்பினர். அப்பாடலால் தமக்கு வருவாய் ஏதும் வந்துசேரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகக் கூறினார். பார்வை எண்ணிக்கை பெருகுவதும் ஊதியம் சேர்வதும் வேறு வேறு என்பதை இந்நிகழ்வு எல்லோருக்கும் உணர்த்தியது.

இதே தீ தொடர்பான மற்றொரு நிகழ்வு ரசிகர் ஆதரவின் வலிமையைக் காட்டுகிறது. 2025-இல் தக் லைஃப் படத்தின் இசை வெளியீட்டு விழாவில், தமிழில் முத்த மழை பாடலைப் பாடிய தீ வர இயலாததால், அதன் பிறமொழி வடிவங்களைப் பாடிய சின்மயி மேடையில் தமிழில் பாடினார். 2018-இல் பாலியல் துன்புறுத்தல் குறித்துப் பொதுவெளியில் பேசிய பின் தமிழில் தமக்கு வாய்ப்புகள் அடைபட்டதாகச் சின்மயி தொடர்ந்து கூறிவந்தவர். அம்மேடைப் பதிவு ஓரிரு நாளில் பரவி, அவரை மீண்டும் தமிழில் பாடவைக்க வேண்டும் என்ற குரல் எங்கும் எழுந்தது. இரு பாடகியரில் யார் சிறந்தவர் என்ற வீண்போட்டியாகவும் அது சில இடங்களில் திரிந்தது. ஒரு பெண்ணை உயர்த்த மற்றொரு பெண்ணைத் தாழ்த்தும் பழக்கம் ரசிகர் ஆதரவின் நோய்களுள் ஒன்று.

7. உலக ஒப்பீடு

பிற நாட்டு அனுபவங்களும் இதுவரை கண்டவற்றோடு ஒத்துச் செல்கின்றன. ஈழத்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2003-இல் வெளியிட்ட முதற்பாடல் 500 தட்டுகள் மட்டுமே அச்சானது. நடன அரங்குகளிலும் இணையத்திலும் அது கைமாறிப் பரவிய பிறகே நிறுவன ஒப்பந்தமும் 2005-இல் முதல் இசைத்தொகுப்பும் வந்தன. ஒரு நிகழ்ச்சியில் இரு பெண் கலைஞர்களை அடுத்தடுத்து மேடையேற்ற ஏற்பாட்டாளர்கள் தயங்கிய சூழலில், கனடியப் பாடகி சாரா மக்லாக்லன் 1997-இல் பெண்களை முன்னிறுத்தும் லிலித் இசைவிழாவைத் தொடங்கினார். அது அவ்வாண்டின் பெருவெற்றிகளுள் ஒன்றானது. நிறுவனத்திலிருந்து விலகிய அமெரிக்கப் பாடகி அமண்டா பால்மர் 2012-இல் ஏறத்தாழ 25,000 ரசிகர்களிடமிருந்து 12 லட்சம் டாலர் நேரடியாகத் திரட்டினார். நம் ஊர் மண்டகப்படியின் இணைய வடிவம் என்று அதைக் கூறலாம்.

8. பெண்ணுக்கு மட்டுமே விதிக்கப்படும் விலை

ஆண் கலைஞருக்கு ரசிகர் நெருக்கம் பெருமை. பெண் கலைஞருக்கு அதுவே பழிச்சொல்லாகத் திரும்புவதுண்டு. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடையே நெடுநாள் களப்பணி செய்த சூசன் சைசர், 2005-இல் வெளியிட்ட நூலில், ஸ்திரீபார்ட் கலைஞர்கள் ஊர்ப்பேச்சிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள மேடைக்கு வெளியே எத்தனை கட்டுப்பாடுகளைத் தாமே விதித்துக்கொள்கின்றனர் என்பதை விவரித்துள்ளார். இரவெல்லாம் வள்ளியாகக் கைதட்டல் பெற்றவர், விடிந்ததும் பேருந்தில் முக்காட்டுக்குள் ஒதுங்கி அமர நேர்வது அச்சமூகத்தின் குறையே அன்றிக் கலைஞரின் குறை அன்று. கானா மேடையில் பெண்ணாக நின்று பெயர்பெற்று 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற இசைவாணியும், பிற்பாடு ஒரு பாடலுக்காகக் கடும் மிரட்டல்களைச் சந்தித்தார். கூட்டத்தை மட்டும் நம்பி நிற்கும் பெண்ணுக்குக் கூட்டம் சினந்தால் புகலிடம் இல்லை. பதிவுக்கூடத்தின் அமைதி அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. ஆனால் அந்தக் கூடத்திலும் அதிகாரம் உள்ளவரின் அத்துமீறலை எதிர்த்தால் வாய்ப்பு அடைபடும் என்ற அச்சம் நிலவும்வரை அதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது.

9. உரிமையும் முடிவும்

இதுவரை கண்ட சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. பாடகியை உருவாக்குவது ரசிகர் ஆதரவு. அவரைப் பெருக்குவது நிறுவனம். இரண்டுமே அவருடைய முதுமைக்குக் காவலாக நிற்பதில்லை. அக்காவலைத் தருவது எழுத்திலான உரிமை ஒன்றே.

சட்டம் இதற்கு வழி செய்துள்ளது. பாடுவோர், ஆடுவோர் ஆகியோருக்குத் தம் நிகழ்ச்சியின்மீது உள்ள உரிமையை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஏற்கிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரைப்படத்துக்காகப் பாடியவரும் அப்பாடல் வணிக நோக்கில் பயன்படும்போது உரிமைத்தொகைக்கு, அதாவது ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் உரிய பங்குக்கு, உரியவர். 2013-இல் பின்னணிப் பாடகர்கள் இதற்காகத் தனிச் சங்கமும் அமைத்தனர். 2007-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உதவித்தொகைகளுக்கு வழிவகுத்துள்ளது. ஆனால் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆளில்லாத நாட்டுப்புறப் பாடகிக்கு இச்சட்டங்கள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. வாய்மொழிப் பாடல் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி அதைக் காத்துவைத்திருந்த பெண்ணின் பங்கையும் இல்லாமலாக்குவது பெரும் அநீதி.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, நாட்டுப்புறப் பாடகியரோடு செய்யப்படும் ஒப்பந்தங்கள் தமிழில் இருக்க வேண்டும். ஒருமுறைக் கூலியோடு நில்லாமல் உரிமைத்தொகையையும் குறிக்க வேண்டும். இரண்டாவது, நாடக நடிகர் சங்கங்களும் நல வாரியமும் சேர்ந்து அவ்வொப்பந்தங்களைப் படித்துக் காட்டும் பொறுப்பை ஏற்க வேண்டும். மூன்றாவது, ஊர்மக்கள் கையிலேயே உள்ளது. இன்று பொன்னமராவதி வட்டாரத்தில் நாடகம் நடக்கும் எந்தத் திடலிலும் கைபேசிகள் உயர்கின்றன. வள்ளியின் தர்க்கம் அன்றிரவே இணையத்தில் ஏறுகிறது. ஏற்றுவதற்கு முன் அக்கலைஞரின் இசைவைக் கேட்பதும், வருவாய் வந்தால் பங்கு கொடுப்பதும், நோட்டீஸில் அச்சிட்டபடியே அவருடைய ஊரையும் பெயரையும் பாட்டின் கீழே எழுதுவதும் எளிய செயல்கள். தாளில் நூறாண்டுகளாகத் தவறாமல் அச்சிட்டுவந்த அந்த ஒரு வரியைத் திரையிலும் தவறாமல் எழுதத் தொடங்கும் ஊர், தன் பாடகிக்குக் கைதட்டலோடு உரிமையையும் சேர்த்து வழங்குகிறது.